அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு இடமில்லை

மயிலாடுதுறை பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் பாடம் தொடங்குமுன் அவள் டீச்சர் எல்லோரையும் ஒரு நிமிடம் கண்ணை மூடச் சொல்வாராம். அவரவர் வழக்கப்படி யாருக்காகவாவது வேண்டிக்கொள்ளலாம்.

"நீ யாருக்காகக் கேட்ட?" என்றேன் ஒருநாள்.

"டீச்சருக்கு."

மறுநாளும் டீச்சர்தான். அடுத்த வாரமும் டீச்சர்தான். அவளுடைய அத்தா துபாய் வெயிலில் காய்கிறார். இங்கே சோறூட்டி, தலைவாரி வளர்ப்பவள் நான். கையேந்தி துஆ கேட்கச் சொல்லிக்கொடுத்ததும் நான். கேட்பது மட்டும் அந்தம்மாவுக்கா? எனக்கு வயிறு எரிந்தது.

பொறுக்காமல் பள்ளிக்கே போய்விட்டேன். "உங்களுக்காக வேண்டிக்கச் சொல்லிப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

டீச்சர் திகைத்துப்போனார். "யாருக்கு வேண்டுனீங்கன்னு நான் கேக்குறதே இல்லைங்களே. எனக்காகவா?" என்றவர், சட்டென்று போர்டு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகளே சொன்னாள். "அத்தாவுக்கு நீ கேக்குற. உனக்கு அத்தா கேக்குறாங்க. டீச்சர் வீட்டுல வேற யாருமே இல்லைம்மா."

அவள் தலையைக் கோதிவிட்டேன். ஆனாலும் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதெல்லாம் அந்தி நேரத்து மஃரிப் தொழுததும் என் துஆவில் டீச்சரையும் சேர்த்துக்கொள்கிறேன், மகள் காதில் விழும்படி சத்தமாகவே. டீச்சருக்குக் கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், காலையில் அந்த ஒரு நிமிடம் என் பக்கம் திரும்பாதா?