ஜீப்புக்குப் பூக்கட்டிப் பார்த்தது

“ஆத்துல தண்ணி வந்தா உன் படிப்பு அம்புட்டுத்தேன் தாயி. அப்புறம் எங்களோட பூப்பறிக்க வந்துரு.”

பெரியப்பா இதைச் சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எங்கள் வீடும் தோட்டமும் தாடிக்கொம்பைத் தாண்டி, குடகனாற்றின் மறுகரையில் இருந்தன. ஐந்து வரைக்கும் எங்கள் கரையிலேயே பள்ளிக்கூடம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு ஆற்றைக் கடந்து, தார்ச்சாலைக்கு நடந்து, திண்டுக்கல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் ஆற்றில் வெறும் மணல்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் முழங்கால் தண்ணீர், சில நாள் இடுப்பளவு. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை.

அந்த ஆறு எங்கள் பூக்களையும் மறித்தது. விடியுமுன் பறித்த மல்லிகையை வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் பூச்சந்தையில் சேர்க்க வேண்டும். அப்பாவின் மொபெட் மணலில் திணறும், தண்ணீரில் அணைந்துவிடும். அந்த வருடம் சம்பங்கி கைகொடுத்ததால், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார்.

வத்தலக்குண்டில் ஒரு பட்டறைக்காரரிடம் இரண்டு ஜீப் இருப்பதாகத் தகவல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, பெரியப்பா, நான் என்று நான்கு பேரும் பேருந்தில் கிளம்பினோம். என்னைக் கூட்டிப்போனது வேடிக்கை பார்க்க அல்ல. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வாசித்துச் சொல்லும் பதவி எனக்கு. எண்ணெய் தடவிச் சீவி, பள்ளிக்கூடச் சீருடையிலேயே போனேன். பதவிக்கு அதுதான் பொருத்தம் என்று பட்டது.

மலைச்சாலையில் வருடக்கணக்காக ஏறி இறங்கிய வண்டிகள் இரண்டும். ஒன்று நீட்டு ஜீப். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மேலே தார்ப்பாய், நடுவில் மூட்டைகள் அடுக்க இடம். இன்னொன்று குட்டை ஜீப். பின்பாதியை யாரோ அறுத்து எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. நான் இரண்டு புத்தகத்தையும் புரட்டி, எழுத்துக்கூட்டி, நீட்டு ஜீப்பில் பத்துப் பேர், குட்டை ஜீப்பில் நான்கு பேர் என்று அறிவித்தேன். என் வரையில் விஷயம் அதோடு முடிந்துவிட்டது. நான்கைவிடப் பத்து பெரிது.

“இதுல கல்யாண வீட்டையே ஏத்திட்டுப் போலாம்ணே,” என்றார் பட்டறைக்காரர், நீட்டு ஜீப்பைத் தட்டி. பெரியப்பாவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அப்பா மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். நீட்டு ஜீப்பில் மொத்தப் பூவும் ஒரே நடையில் போய்விடும். ஆனால் கனம், மணலில் புதையும். எங்கள் வேலிச்சந்தில் திருப்பவும் முடியாது. குட்டை ஜீப் லேசு, எங்கேயும் திரும்பும். ஆனால் எட்டு மூட்டைக்கு மேல் தாங்காது.

அதற்குள் அம்மா நீட்டு ஜீப்பில் ஏறி, ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டறைக்காரர் பதறிவிட்டார்.

“அக்கா, அது டிரைவர் சீட்டு.”

“தெரியுது. செத்த நேரம் உக்காந்தா தேஞ்சா போயிரும்?”

சிறிது நேரத்தில் இறங்கி, குட்டை ஜீப்பிலும் போய் அதே மாதிரி உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பேருந்தில் நின்றுகொண்டே வந்ததால் கால் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி வந்தவள், “குட்டையே போதும்,” என்றாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, “பாக்க லச்சணமா இருக்கு,” என்றாள்.

“லச்சணத்தையா சந்தைக்குக் கொண்டுபோகப் போறோம்?” என்று பெரியப்பா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நீட்டு ஜீப்பின் பின்பெஞ்சில் இரண்டு சிநேகிதிகளுக்கு நான் முன்கூட்டியே இடம் கொடுத்தாகிவிட்டது.

ஒரு வாரம் அப்பாவால் முடிவெடுக்க முடியவில்லை. காலையில் நீட்டு, சாயங்காலம் குட்டை. கடைசியில், அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனம் இரண்டுபட்டால் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் கட்டி அம்மன் முன் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் அதுவே உத்தரவு. மற்றதைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சிவப்பு வந்தால் நீட்டு ஜீப், வெள்ளை வந்தால் குட்டை என்று முடிவானது.

நாங்கள் போன அன்று பூசாரி ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். அம்மா தோட்டத்திலிருந்து பூ கொண்டுவந்திருந்தாள். நானே கட்டுகிறேன் என்று கோயிலுக்குப் பின்னால் போனாள். பெரியப்பா மறுக்கவில்லை. எடுக்கப்போவது நான். நான் எந்தக் கட்சி என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள், ஒரே அளவு, ஒரே மாதிரி நார்க்கட்டு. நான் கண்ணை மூடி, பக்தியாகக் குனிந்து, இரண்டையும் மோந்து பார்த்தேன். பூக்காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இலையின் மறைப்பெல்லாம் ஒரு மறைப்பா? இடது பொட்டலத்தில் மல்லிகை, சந்தேகமே இல்லை. வலதில் வாசமே இல்லை. அப்படியென்றால் அதுதான் சிவப்பு, எங்கள் தோட்டத்துச் செவ்வரளி. மணக்கிற பூவைப் போய் இதற்குக் கட்டியிருக்கிறாளே என்று அம்மாவின் அறியாமையை நினைத்துக்கொண்டே வலதை எடுத்தேன்.

அப்பா பிரித்தார். உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று ஐந்தாறு பூ.

நான் மோந்து பார்த்ததை அம்மன் பார்த்துவிட்டாள், செவ்வரளியை என் கையிலேயே நந்தியாவட்டையாக மாற்றிவிட்டாள் என்று உறுதியாக நம்பினேன். “ஆத்தாளே சொல்லிட்டா, அப்புறம் என்ன?” என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா மற்றப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பும் வழியில் வாய்க்காலில் விட்டாள். மறுவாரம் குட்டை ஜீப் வீட்டுக்கு வந்தது.

அந்தக் கோடையில் காய்ந்த ஆற்று மணலில் அப்பா அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஊரே கரையில் நின்று சிரித்தது. அம்மா ஒரு நாளும் கரைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஐப்பசியில் தண்ணீர் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. விடியற்காலையில் பூமூட்டைகளோடு அப்பாவை ஆற்றைக் கடத்தித் தார்ச்சாலை ஓரம் இறக்கிவிடுவாள். மூட்டைகள் நிறைய இருந்தால் இரண்டு நடை. அப்பா அங்கிருந்து வேனில் சந்தைக்குப் போவார். அம்மா ஜீப்போடு திரும்பி வந்து, சோறாக்கி, எட்டு மணிக்கு என்னை ஏற்றிக்கொள்வாள். உரிமம் இல்லாததால் சக்கரம் தாரில் படாது. மண் முடியும் இடத்தில் சரியாக நிற்கும்.

பேருந்துக்கு நிற்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பாதிவண்டியைப் பார்த்துவிடக் கூடாது என்று, தார்ச்சாலைக்கு முந்தைய வளைவிலேயே இறக்கிவிடச் சொல்வேன். ஏன் என்று அம்மா கேட்டதில்லை. நிறுத்துவாள். நான் மிச்ச தூரத்தைச் சேற்றில் நடப்பேன். ஏழு வருடம், ஒரு நாள்கூட ஆற்றைக் காரணம் சொல்லி விடுப்பு எடுத்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். அதை முழுக்க என் கெட்டிக்காரத்தனம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

கல்லூரியில் கணக்குப் பட்டப்படிப்பில் சேர்ந்த பிறகு, ஒரு நாள் பேருந்தில் முன்னிருக்கைப் பெண்ணின் தலையிலிருந்து மல்லிகை மணந்தது. அப்போதுதான் அந்தப் பழைய கணக்கு தானாக விடைக்கு வந்தது. இடது பொட்டலத்தில் மணந்தது மல்லிகை. சிவப்பு மல்லிகை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. வலதில் வந்தது நந்தியாவட்டை. இரண்டுமே வெள்ளை. சிவப்பு எதிலும் இல்லை. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கு ஒரு நிமிட வேலை. எனக்கு எட்டு வருடம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப மோந்து பாத்துத்தேன் எடுத்தியா, களவாணி?”

நான் சாமியை ஏமாற்றப் பார்த்தேன், நீ எல்லோரையும் ஏமாற்றினாய் என்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படி என்ன லட்சணம் அந்தக் குட்டை ஜீப்பில் என்று விடாமல் கேட்டேன்.

“பெருசுல எனக்குக் கால் எட்டல. கிளச்ச மிதிக்க நுனிக்கு வந்து தொங்கணும். உங்கப்பா பூவோட போயிட்டா, ஒன்னய ஆத்துக்கு அக்கரைல யாரு கொண்டுபோயி விடுறது?”

பட்டறையில் அவள் கால்வலிக்காக உட்காரவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து, மிதியை எட்டிப் பார்த்து, என் ஏழு வருடத்தை அளந்திருக்கிறாள். நான் புத்தகத்தைப் பார்த்துப் பத்து என்றும் நான்கு என்றும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன மாதம் என் முதல் சம்பளம் வந்தது. அம்மாவின் பெயரில் பழகுநர் உரிமத்துக்கு நானே விண்ணப்பத்தை நிரப்பினேன். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவர் சான்று வேண்டும் என்றார்கள். முந்தாநாள் பேகம்பூரில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கண் பரிசோதனைக்கு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

“அவ இல்லீங்க. ஓட்டுறது நாந்தேன்.”