பிசிறு வெட்டுற கையும் ஐரிஸ் செடியும்

செடி விக்கிற பொழைப்புல, செடி பொழைச்சா வாங்குனவங்க கைராசி, செத்தா வித்தவ பண்ணுன கோளாறு. நர்சரி வெச்சிருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்! வீரபாண்டியில என்னோட நர்சரி. மேக்கால பனியன் கம்பெனி, கெழக்கால சாயப்பட்டறை, நடுவுல நானும் என் வாயும்.

பையர் வர்ற நாள்

வேப்பமரத்து நெழல்ல ஐரிஸ் வளக்கறேன். எங்கியோ வெளிநாட்டுக் காட்டுல தானா மொளைச்சுக் கெடந்த செடி. ஒருக்கா வேர் புடிச்சா வருசா வருசம் வரும். மஞ்சப் பூ காலையில விரியும், சாயங்காலம் சுருண்டுரும். அதுக்கப்புறம்தான் விசேஷமே. பூத்த காம்பு நுனியில குட்டிச்செடி வரும். பாரம் தாங்காம காம்பு தரையில சாயும். சாஞ்ச எடத்துல குட்டி வேர் விட்டுக்கும். அப்படியே நகந்து நகந்து போயிட்டே இருக்கும். காம்பை வெட்டுனா வம்சம் போச்சு.

சரக்கு வாங்குற வெளிநாட்டு பையர் வர்றாருன்னு வாசல்ல வெக்கச் செடி கேட்டு வந்த பனியன் கம்பெனி மேனேஜருகிட்ட இத்தனையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவரு போனை நோண்டிக்கிட்டே சொன்னாரு: "பையர் வர்றன்னைக்குப் பூத்தாப் போதுங்க்கா, அப்புறம் செத்தாலும் பரவால்லீங்க."

எஸ்தர் கேட்ட செடி

ஒரு ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சு எஸ்தர் வந்தா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அதே கம்பெனியில டிரிம்மிங்: தைச்சு வர்ற பனியன்ல தொங்குற நூல் பிசிறையெல்லாம் வெட்டி எறியற வேலை. அவ புருசன் வேற ஒரு சாயப்பட்டறையில தொட்டி கழுவ எறங்குனவன், உசுரோட மேல வரல. கல்லறைத் தோட்டத்துல நட்ட மரச்சிலுவையைக் கரையான் தின்னுருச்சு. கல்லு வெக்க வழியில்ல. பக்கத்துல பக்கத்துல புதுக்குழி வேற வருது. வாரத்துக்கு ஒருக்காத்தான் தண்ணி ஊத்த முடியும், அதுக்குத் தாங்குற பூச்செடியாக் குடுங்கன்னா.

நல்ல தூரா ஐரிஸ் எடுத்துக் குடுத்து, "கண்ணு, பூ வாடுனாலும் காம்புல மட்டும் கை வெச்சுராத"ன்னேன். தலையாட்டுனா. செடியைக் கொழந்தையாட்டம் இடுப்புல வெச்சுக்கிட்டுச் சொன்னா: "கொஞ்ச நாள் வரலைன்னா எந்த மேடு அவுகளுதுன்னு எனக்கே தெரியாமப் போயிரும்க்கா."

சொன்ன பேச்சு கேக்காத கை

செடி பூத்துச்சு. அதைச் சொல்ல ஓடி வந்தப்ப அவ மொகத்துல அப்படியொரு சந்தோசம். கோடையில தாய்ச்செடி காஞ்சுபோச்சுன்னு அழுதுக்கிட்டு வந்தா. "அட, அதுக்கென்ன, குட்டி இருக்குமே"ன்னேன். முழிச்சா. "அடிப்பாவி, காம்பு எங்கடி"ன்னு கத்திட்டேன். கத்திட்டு எனக்கே சங்கடமாப் போச்சு. அவ தன்னோட வலது கையவே பாத்துக்கிட்டு நின்னா. "தொங்குனா வெட்டுற கைக்கா இது, நான் யோசிக்கிறதுக்குள்ள கிள்ளி எறிஞ்சிருதுக்கா."

சுவரோரம்

மழை விட்டதும் நானே புதுத் தூர் ஒண்ணு எடுத்துக்கிட்டு அவகூடக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எந்த எடம்னேன். இங்கதான்னா. இல்ல, அங்கன்னா. மேடெல்லாம் கரைஞ்சு மட்டமாக் கெடந்துச்சு. காவக்காரருக்கும் தெரியல. பாவி மக, உக்காந்து மண்ணைத் தடவித் தடவிப் பாக்குறா.

அப்பத்தான் சுவரோரக் குப்பையில மஞ்சளாத் தெரிஞ்சுது. அவ வாராவாரம் நுனிக் குட்டியோட கிள்ளி எறிஞ்ச காம்புங்கதான். ஈரத்துல வேர் புடிச்சு, வரிசையாப் பூத்து நிக்குது. யாரையும் பொதைக்காத எடம். கையில இருக்கிற செடியை எங்க நடறதுன்னு தெரியாம நான் நிக்கறேன். அவ எந்திரிச்சுப் போய் அந்தக் குப்பை முன்னாடி முட்டி போட்டா. "இனிமே அவுக இங்கன இருக்காகன்னு வச்சுக்கிடுதேன்க்கா."

செடி பொழைக்கும்னு இன்னைக்கும் கேரண்டி குடுத்துத்தான் விக்கறேன், எந்த எடத்துல பொழைக்கும்னு மட்டும் யாருக்கும் வாக்குக் குடுக்கறதில்லீங்க.