மலர்க்கொடி நின்ற வாசல்

மிளகாய் வத்தலைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தபோது கேமராக்காரத் தம்பி போன் செய்தார். டைரக்டர் மலர்க்கொடி மாரடைப்பில் போய்விட்டார் என்றார். எந்த மலர்க்கொடி என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம்தான், டப்பிங் பேச வாங்க அப்பத்தா என்று என்னைக் கூப்பிட்டவர். நாற்பது வயது.

ஒரு தாயையும் மகளையும் பற்றிப் படம் எடுக்க, போன வருசம் எங்கள் சிக்கல் கிராமத்துக்கு வந்தார். தாயாக நடிக்க என்னைக் கேட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், வசனம் மனப்பாடம் ஆகாது என்றேன்.

"வசனம் கொஞ்சந்தான் அப்பத்தா. உங்க முறைப்பு போதும்."

ஊரே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோபித்துப் போன மகள் பல வருசம் கழித்து வந்து வாசலில் நிற்கிறாள், தாய் பார்க்கிறாள். அதுதான் காட்சி. பழக்க தோசத்தில் "வா" என்றுவிட்டேன். நிறுத்தச் சொன்னார். மறுபடியும் அதே. எங்கள் பக்கம் வெட்டுக்குத்து வரை போன பகையாளி வந்தாலும் வா என்று சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டில் ரோசமுள்ளவர் படி ஏற மாட்டார். இழவு வீட்டில் மட்டும்தான் யாரையும் வா என்பதில்லை.

"பெத்தவ எப்படித் தாயி சொல்லாம இருப்பா?" என்றேன்.

"எங்கம்மா சொல்லல அப்பத்தா."

மகள் சினிமா எடுக்கப் போனதில் அம்மாவுக்குக் கோபமாம். தன்னைப் பெற்ற அய்யா இறந்த மறுவருசம், நயினார்கோவில் ஊரில் இருக்கிற அம்மா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். அந்த அம்மாள் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார். இவரும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். இப்போது போய்ப் பார்க்கலாமே என்றேன்.

"வான்னு சொல்லட்டும், போறேன்."

அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த தடவை வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். கட் சொல்ல மறந்து அழுதுகொண்டிருந்தார்.

உடலை நயினார்கோவிலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தத் தாயை நாலு வார்த்தை கேட்டுவிடவே நானும் போனேன். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வந்தவர்களை, அந்த அம்மாள் நிலைப்படியில் கை நீட்டி மறித்தார். இப்போதும் உள்ளே விட மாட்டாரா என்று நான் கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன். அவர் குனிந்து கண்ணாடியில் முகத்தை வைத்தார்.

"வா ஆத்தா," என்றார். "உள்ள வா."

இழவு வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார். பிறகுதான் வழிவிட்டார்.

நான் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் என்னிடமே இருக்கிறது. கோபமும் இருக்கிறது. இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அதனால் மலர்க்கொடியிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

உங்கம்மா கூப்பிட்டாச்சு தாயி. உள்ள போ.