பின்வரிசையில் எழும்பியவர்

மின்சாதனத் தரநிலைக் குழுவின் கூட்டத்தைப் பொறியியலாளர் மாநாட்டோடு சேர்த்து நடத்தலாம் என்று யோசனை சொன்னது நான்தான். ஒரே பயணம், ஒரே மண்டபம், ஒரே சாப்பாடு. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு ஹோட்டல் கிடைத்தது. மாநாட்டுக்கு வந்தவர்களும் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம், ஆனால் பேசக்கூடாது. குழுவின் செயலாளரான நானும் பேசக்கூடாது, குறிப்பு மட்டும் எழுதவேண்டும்.

வயல் நீர்ப்பம்பிகளுக்கு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயமா, விருப்பமா என்பதுதான் கடைசி விடயம்.

"விருப்பம் எண்டு எழுதுங்க தங்கச்சி, புரியாணி ஆறுது," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

என் கை நின்றுவிட்டது. போன போகத்தில் என் அக்காவின் கணவர் களுவாஞ்சிக்குடி வயல்வட்டையில் பம்பியைத் தொட்டபடியே இறந்துபோனார். அதை அங்கே யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

பின்வரிசையில் ஏறாவூர்ப் பொறியியலாளர் ஒருவர் எழும்பினார். "நான் பேச ஏலாதுதான் சேர். ஆனா அந்தப் புள்ள எழுதாம இருக்கா. ஏனெண்டு கேளுங்களன்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

"என்ட அத்தான் பம்பியில கரண்ட் அடிச்சுத்தான் மோசம் போனவர்," என்றேன்.

யாரும் சாப்பிட எழும்பவில்லை. தலைவர், "கட்டாயம்," என்றார். எதிர்ப்பு இல்லை. எழுதினேன்.

மகிழ்ச்சி வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆறிப்போன புரியாணியைச் சாப்பிட்டேன். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கூட்டங்களை நான் சேர்த்தது செலவைக் குறைக்கத்தான். தனித்தனியாக நடந்திருந்தால் பின்வரிசையில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். நானும் 'விருப்பம்' என்றுதான் எழுதியிருப்பேன்.