காற்றில்லாத டயரில் நாலு மாதம்

துடியலூருக்கு வடக்கே ஒரு வார்ப்படப் பட்டறையில் நாலு மாதம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாகத் தங்கியதில்லை. பொள்ளாச்சியில் தேங்காய் லோடு ஏற்றியிருக்கிறேன், அன்னூரில் போர்வெல் லாரியோடு திரிந்திருக்கிறேன். உடம்பு வலி எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தப் பட்டறையை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு ஷெட்டில் இரும்பை ஊற்றுவார்கள், எதிர் ஷெட்டில் கடைவார்கள். நடுவே குண்டும் குழியுமான மண்பாதை. அதில் கடையும்போது சீவி விழும் இரும்புச் சுருள் சிதறிக் கிடக்கும். இரண்டு நாளைக்கு ஒரு பஞ்சர். எரிச்சலான முதலாளி நான் சேரும் முன்பே ஃபோர்க்லிஃப்டின் நாலு சக்கரத்துக்கும் சாலிட் டயர் போட்டுவிட்டார். முழுக்க ரப்பர். பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. குலுக்கலைத் தாங்க இருந்தது டயருக்குள் இருந்த காற்று மட்டும்தான்.

முதலாளியின் காருக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர் வண்டியைப் பார்த்துச் சிரித்தார். "மொதமொத வந்த லாரிக்கெல்லாம் இப்படிக் கட்டி ரப்பருதானுங்க. நம்ம ரோட்டுல வண்டியும் ஒடஞ்சு ஆளும் ஒடஞ்ச பொறவுதான் காத்து டயருக்கு மாறுனாங்க. உங்க மொதலாளி ரிவர்ஸ் கியர்ல போறாருங்க."

ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது நடை. மூன்றாம் மாதம் வலது கால் மரத்துப்போனது. பிரேக்கை மிதித்திருக்கிறேனா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குகிறது, இந்தக் குலுக்கலை நிறுத்தாவிட்டால் கால் போய்விடும் என்றார் டாக்டர்.

முதலாளியிடம் போனேன்.

"காத்து டயரையே மாட்டீருங்க. இல்லீன்னா பாதைக்குச் சிமெண்டாச்சும் போடுங்க."

"அது வாடகை எடமுங்க தம்பி. சிமெண்டு போட்டா எடத்துக்காரருக்குத்தானுங்க லாபம். காத்து டயரு பஞ்சராவுதுங்க. உங்க முதுகு பஞ்சராவாதுங்களே."

எத்தனை மரியாதை! அந்த 'ங்க'வுக்காகவே அவரை அறைந்திருக்கலாம்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு வண்டியை முதலாளியே ஓட்டுவது அங்கே வழக்கம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கி, வாசலில் ஒரு வட்டமடித்து இறங்கிவிடுவார். நான் அவரை விடவில்லை.

"எதிர் ஷெட்டு வரைக்கும் போய்ட்டு வாங்க. ரெண்டு ஷெட்டுக்கும் நல்லதுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுக்க முடியாமல் கிளம்பினார். முதல் குழியில் அவர் தலை கூரைக் கம்பியில் இடித்தது. மூன்றாவது குழியில் நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி இறங்கினார். "மீதிய நீங்க ஓட்டிட்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எதிர் ஷெட்டுக்கு நடந்தே போனார்.

இனி டயர் மாறும் என்று நம்பினேன். விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய காலையில் போய்க் கேட்டேன்.

"மெதுவா ஓட்டுங்க தம்பி. போகப்போகப் பழகிக்கும்."

பூஜை வரைக்கும் அந்தக் குலுக்கல் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். இப்போது தெரிந்தே சொல்கிறார். சாவியை மேசைமேல் வைத்தேன்.

"ஏனுங்க, கோவிச்சுக்கிட்டீங்களா?"

"ஆமாங்க. காலு இருக்கறப்பவே நடந்து போயர்றனுங்க."