துறைமுக வாசலில் நின்றவர்

புதன்கிழமை காலை அந்த ஃபோன் வந்தபோது, செம்பூர் அலுவலகத்தில் விளையாட்டின் அந்த வாரத்து மாற்றங்களை அனுப்பத் தொடங்கி எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. பேசியது செல்லத்துரையின் மனைவி. "அண்ணே, அவுக போயிட்டாக" என்றார். நெஞ்சு வலிக்கிறது என்றவரை மாஹிம் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். முடியவில்லை. மாற்றங்களைப் பாதியில் விட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பேரின் வருடக்கணக்கான உழைப்பும் குழம்பிப் போகும். நாற்பது நிமிடம் நாற்காலியில் கட்டிப் போட்டதுபோல உட்கார்ந்து, திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழுதுறையை விளையாடுகிற உங்களுக்குச் செல்லத்துரை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழுதுறை என்பது பதினேழு வருடமாக ஒரு நாளும் மூடாமல் ஓடும் இணைய விளையாட்டு. ஆட்டம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கலாம் என்பதே அதில் கிடையாது. நாம் தூங்கும்போதும் அந்த உலகம் நடந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு வாள் அளவுக்கு மீறி வெட்டினால் அதை மழுக்குவதும், யாரும் சீண்டாத ஒரு தொழிலுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுப்பதும் செல்லத்துரையின் வேலை. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும். அதனால் நன்றி சொல்லி யாரும் எழுதியதில்லை, ஏச்சு மட்டும் வாராவாரம் தவறாமல் வரும்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன். அவர் தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த மாதத்தில், ஒரு கேடயத்தின் பலத்தைக் குறைக்கலாம் என்று நான் பெரிய மேதாவிபோலச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொறைக்கணும்னா மொதல்ல நீரு அத ஒரு வாரம் போட்டுக்கிட்டுச் சுத்தும் வே" என்றார். அது வெறும் பேச்சல்ல. எதில் கை வைப்பதாக இருந்தாலும் அவர் அதோடு ஒரு வாரம் வாழ்வார். அப்புறம் மாற்றம் வெளியாகும் புதன்கிழமை, எல்லோருக்கும் தெரிந்த தன் சொந்தப் பெயரில் உள்ளே போய், கவசத்தைக் கழற்றிவிட்டுத் துறைமுக வாசலில் நிற்பார். கோபமுள்ளவர்கள் வந்து அடிக்கலாம், திட்டலாம். விழுந்தால் எழுந்து அதே இடத்தில் நிற்பார். இதெல்லாம் என்ன கூத்து என்று கேட்டேன். "எவன் கை வச்சானோ அவன்தான் வாசல்ல நிக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்று முறை அவர் வேலையை விட்டுப் போகப் பார்த்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. எந்த மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பது முழுக்க அவர் தலைக்குள் இருந்தது, நிர்வாகம் விடவில்லை. வீட்டிலும் அதே கதைதான். பகுதி முழுவதையும் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, சர்வே என்று வந்தவர்கள் கதவில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். எப்போது இடிப்பார்கள் என்று தெரியாது. மேல் அறை ஒழுகியது, இடிபடப் போகிற வீட்டைப் பழுது பார்க்க மனமில்லை, கிளம்பிப் போகவும் வழியில்லை. "இங்கயும் மூட மாட்டாங்க, அங்கயும் இடிக்க மாட்டாங்க. நடுவுல நாம" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இனி நான் சொல்லியாக வேண்டியதைச் சொல்கிறேன்.

ஏழுதுறையின் தெற்கே ஒரு சதுப்பு இருக்கிறது. அதில் கால் வைத்தவர் தானாக வெளியே வர முடியாது. வேறொருவர் வந்து கயிறு வீசி இழுக்க வேண்டும். அதையே தொழிலாகக் கொண்டவர்கள் கயிற்றுக்காரர்கள். விக்ரோலியிலிருந்து விளையாடும் கோமதியம்மாள் அவர்களில் மூத்தவர். மருந்துக்கடையில் வேலை, சண்டை போடவே தெரியாது. வருடக்கணக்காகக் கயிறு மட்டும்தான் வீசினார். ஆட்கள் குறையக் குறைய, மாட்டிக்கொண்ட புதியவர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்து, அலுத்துப் போய் ஆட்டத்தையே விட்டார்கள். நிர்வாகம் நெருக்கியது. செல்லத்துரை ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்த பத்து நாளில், கயிறு இல்லாமலே வெளியே வரும்படி சதுப்புக்குள் ஒரு வழியை வைத்தேன். ஒரு வாரம் போய் மாட்டிக்கொண்டு பார்த்தேனா? இல்லை. ஒரு மணி நேரம்கூட இல்லை.

அவர் திரும்பி வந்த புதன்கிழமை அது வெளியாகிவிட்டிருந்தது. விவரத்தைச் சொன்னேன். அதை எடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். அந்த வழியை நம்பி ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் உள்ளே இறங்கிவிட்டார்கள், இப்போது எடுத்தால் அத்தனை பேரும் சிக்கிக்கொள்வார்கள் என்றார். போட்டது போட்டதுதான். "நான்தான் பண்ணினேன்னு வாசல்ல போய்ச் சொல்லிடறேன்" என்றேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். "நீரு நின்னா அழுதிருவீரு. நானே நின்னுக்கிடுதேன்" என்றார். நான் மறுக்கவில்லை. பயம், வேறு காரணம் கிடையாது.

அன்று புதியவர்கள் வேடிக்கைக்காக அவரை அடித்தார்கள். கயிற்றுக்காரர்கள் வந்தார்கள், ஆனால் அடிக்கவில்லை. ஒரு வார்த்தை எழுதவில்லை. சாயங்காலம்வரை அவரைச் சுற்றி நின்றுவிட்டுப் போனார்கள். திட்டக்கூடத் தகுதியில்லாதவன் என்று நினைத்துவிட்டார்கள் என அவருக்கு அது மனதில் தைத்துவிட்டது. இரண்டு வாரத்தில் கோமதியம்மாள் வருவதும் நின்றது. அதன்பின் அவர் இருந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு புதன்கிழமையும், "விக்ரோலிக்கார அம்மா வந்தாகளா?" என்று என்னிடம் கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துபோனது. இந்த அலுவலகமே எனக்கு அந்தச் சதுப்பாகிவிட்டது.

அவரை எரித்துவிட்டு வந்த மறுநாள், என் சொந்தப் பெயரில் ஏழுதுறைக்குள் போனேன். வாசலில் கூட்டம். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கவசத்தைக் கழற்றிவிட்டு, "சதுப்பில் வழி வைத்தது நான், செல்லத்துரை அல்ல" என்று எழுதினேன். கூட்டத்தில் கோமதியம்மாளின் பெயரைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர், மெதுவாகத்தான் எழுதினார்.

"அவர் செய்யலன்னு அன்னிக்கே எங்களுக்குத் தெரியும். எதை மாத்தறதா இருந்தாலும் மொதல்ல வந்து மாட்டிப்பார், நான்தான் இழுத்துப் போடுவேன். அந்தத் தடவை அவர் வரவே இல்லையே. ஒத்தையா அடி வாங்கறாரேன்னுதான் சுத்தி நின்னோம். செஞ்சவன் என்னிக்காவது வருவான்னு பார்த்துட்டு இருந்தோம்."

செல்லத்துரைக்கு இது தெரியாது. தெரியாமலே போய்விட்டார். அன்றே வாசலில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் தலைக்குள் இருந்ததெல்லாம் அவரோடு போயிற்று. என்னிடம் மிச்சம் இருப்பது அவர் நின்ற இடம் மட்டும்தான்: புதன்கிழமை, துறைமுக வாசல், கவசம் இல்லாமல். அன்று வியாழக்கிழமை. ஆனாலும் நின்றேன். சண்டை போடத் தெரியாத கோமதியம்மாள் முன்னால் வந்து, கையிலிருந்த கயிற்றாலேயே முதல் அடியை அடித்தார்.