காலித் தொட்டியில் இருபது சென்டிமீட்டர்

கார்மென் எழுதிய புரோகிராம்தான் பம்பை எரித்துவிட்டதாம். செமோர் கையுறைத் தொழிற்சாலையில் அப்படிப் பேச்சு என்று, கோயிலில் யாரோ சொன்னதை மிஷெல் அக்கா வந்து சொன்னாள்.

“உன் பேரச் சொல்லித்தான் பேசுறாங்கடி. கணக்குல கோட்ட விட்டுட்டியாம்.”

கார்மெனுக்குச் சோறு இறங்கவில்லை. தைப்பிங் குடிநீர் நிலைய வேலையை முதன்முறையாக அவள் பொறுப்பில் விடுவதாக முதலாளி யுகேந்திரன் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அவர் குரலே வேறு. “செமோர்ல என்னன்னு பாரும்மா. மத்தியானம் கூப்பிடுறேன். தப்பு நம்மளுதுன்னா, தைப்பிங்கை கால்வின் பாத்துக்கட்டும்.”

ரப்பர் பால் தொட்டியிலுள்ள சென்சார் அனுப்புவது வெறும் எண். காலித் தொட்டிக்கு எண்ணூறு, நிறைந்த தொட்டிக்கு நாலாயிரம். அதைச் சென்டிமீட்டராக மாற்றித் திரையில் காட்டுவது கார்மெனின் தொழில். அவள் அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில்தான் இந்தத் தொழிற்சாலை நிற்கிறது. அதில் அவளுக்கு உருக்கம் ஒன்றுமில்லை. காரை நிறுத்த ஒரு மரம்கூட மிச்சமில்லையே என்ற எரிச்சல்தான்.

“வாம்மா, பம்பு எரிச்ச கை எது, காட்டு!” என்று வாசலிலேயே வரவேற்றார் தொழிற்சாலை டெக்னீசியன் பத்துமலை.

“பேசுங்கண்ணே, பேசுங்க. மொதல்ல தொட்டியைக் காலி பண்ணுங்க.”

ரப்பர் பால் முழுக்க வடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். அடித்தகடு பளபளத்தது. திரையிலோ இருபது சென்டிமீட்டர். மாற்றுவதற்கு முந்தைய எண்ணைத் திறந்தாள். எண்ணூறு. சென்சாரில் குறையில்லை. கணக்கைத் திறந்தாள். அவள் எழுதியது எழுதியபடியே இருக்க, அதன் வாலில் யாரோ இருபதைக் கூட்டியிருந்தார்கள்.

“இதை யாருண்ணே போட்டது?”

பத்துமலை பின்னந்தலையைச் சொறிந்தார். “தெறப்பு விழா பூஜைம்மா. ஃபேக்டரி மொதலாளி தவுக்கே தேங்கா ஒடைக்கிறாரு, ஸ்கிரீன்ல சைபர் நிக்குது. சகுனம் நல்லால்ல லா. நான்தான் இருபது ஏத்தினேன். அப்பறம் மறந்தே போச்சு.”

“பத்துக்குக் கீழ போனாத்தானே பம்பு நிக்கும்? உங்க சகுனம் அதைக் கீழ போக விட்டுச்சா? காலித் தொட்டியில பால் இல்லாம ஓடி ஓடியே எரிஞ்சிருக்கு.”

அவர் முழித்த முழியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானே ஆபீஸ்ல சொல்லிர்றேம்மா,” என்றார்.

இருபதை எடுத்தாள். இனி யாரும் தொடாதபடி பாஸ்வர்ட் போட்டாள். திரையில் சைபர் வந்து நின்றது. இவ்வளவு அழகான சைபரை அவள் பார்த்ததில்லை.

தொட்டியை நிரப்பச் சொல்லிவிட்டு, அளவுகோலுடன் ஏணியில் ஏறினாள். பாதி நிறைவதற்குள் பையில் கைப்பேசி அதிர்ந்தது. யுகேந்திரன்.

“எடும்மா, பாஸ்!” என்று கீழிருந்து கத்தினார் பத்துமலை.

“காலி முனை சரியா இருக்கு. நெறஞ்ச முனையையும் பாத்துட்டுத்தாண்ணே பேசுவேன். அது கார்மென் கணக்கு.”

பால் ஏறிக்கொண்டிருந்தது. கோலும் திரையும் ஒரே அளவைச் சொல்லிக்கொண்டே வந்தன. கைப்பேசி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.